ஒரு புள்ளி, இரண்டு கோடு

சலவைக் கடையில் முதலில் படிக்கிற பாடம், அழுக்கு எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் பிடிக்கும் என்பது: கழுத்துப்பட்டியிலும் கைமுனையிலும்.

நீங்களும் ஹோட்டல் குசினியிலோ தொழிற்சாலையிலோ நின்றுவிட்டு வந்து, வீங்கின காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் சஞ்சிகையில் இதை வாசிப்பீர்கள். ஆகையால் வேலையைப் பற்றி முறையிட வரவில்லை. மன்ஹைமில் அமெரிக்க இராணுவ முகாம் ஒன்றின் வாசலுக்கு எதிரே எங்கள் கடை. கொன்வென்ட் ஆங்கிலம் கையில் இருந்தபடியால் முதலாளியம்மா ஃப்ராவ் லிண்ட்னர் என்னை முன்மேசையில் நிறுத்தினா. என் மனுசனைப் பீலெஃபெல்டில் ஒரு அகதி விடுதியில் வைத்திருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வர அனுமதியில்லை. என்னுடைய விடுதியில், ஒன்றரை வயது மகளைப் பக்கத்து அறைப் பரமேஸ்வரி அக்கா பகலில் பார்க்கிறா. அவ பார்க்காவிட்டால் எனக்கு வேலை இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு துணிவு வராது. என் அப்பா ஊர் வீடுகளுக்குத் துணி வெளுத்தவர். கொன்வென்டுத் துணியும் அவர்தான். அந்த வழியால்தான் மதர் என்னை வகுப்பில் சேர்த்தா. விடுதியில் இது ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை நித்திரையான பிறகு எழுதுவதும், கீழே பெயர் போடாமல் விடுவதும் அதனால்தான்.

*கன்னியாஸ்திரிகளின் புகழ்*

கடையில் துணிகளுக்குக் கடதாசித் துண்டு குத்துவார்கள். இயந்திரத்துக்குள் அது கரைந்துபோகும். ஒருவரின் சேர்ட் இன்னொருவருக்குப் போய், முகாமிலிருந்து கட்டையான கோப்ரல் நெட்டையான கோப்ரலின் காற்சட்டையோடு வந்து நின்று கத்துவார். ஒரு நாள் நான் அழியாத மைப்பேனையை எடுத்து, கழுத்துப்பட்டியின் உள்ளே ஆளுக்கொரு குறி போட்டேன். ஒருவருக்கு இரண்டு புள்ளி, ஒருவருக்குப் புள்ளியும் வளைவும். அப்பா வீட்டுக்கு வீடு போட்ட அதே மாதிரி. அவர் எங்கள் துணிக்கு மட்டும் குறி போட்டதில்லை. எங்களுடையது எதென்று பார்த்தாலே தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு துணியும் மாறவில்லை. எங்கே படித்தாய் என்று ஃப்ராவ் லிண்ட்னர் கேட்டா. வாய் தவறாமல் கொன்வென்டில் என்றேன். மனுசி அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய் வந்து சொன்னா: "கன்னியாஸ்திரிகளைப் பற்றி நான் இவ்வளவு நாளும் குறைவாகத்தான் நினைச்சிருந்தேன்."

*உள்ளங்கை*

வெள்ளிக்கிழமை தோறும் மேசைவிரிப்புக் கொண்டுவருகிற வயதான ஜெர்மன் அம்மா ஒருவர் இருக்கிறா. நல்ல மனுசி, நத்தார்ப் பண்டிகைக்குப் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி பின்னித் தந்தவ. முதல் இரண்டு மாதமும் விரிப்பை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றா. நான் தொட்டால் வெள்ளையில் ஏதும் கறை பிரளும் என்று பயந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் துணிந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. பார்த்துவிட்டு, ஆறுதலாக ஃப்ராவ் லிண்ட்னரிடம் சொன்னா: "உள்ளே வெள்ளைதான்."

*இரண்டு கதவு*

இரண்டு இளம் இராணுவக்காரர் சனிக்கிழமைகளில் ஒன்றாக வருவார்கள். ஒருவன் கறுப்பு, மற்றவன் வெள்ளை. ஒரே பையில் இருவரின் துணியும் இருக்கும். தோளில் கை போட்டபடி சிரித்துக்கொண்டு போவார்கள். முனையில் இரண்டு மதுக்கடைகள். அங்கே போனதும் ஒருவன் இடப்பக்கக் கதவால் போவான், மற்றவன் வலப்பக்கக் கதவால். இரவு முகாமுக்குத் திரும்பும்போது மறுபடியும் ஒன்றாகத்தானாம்.

அப்படி ஏதும் சட்டமா என்று வெள்ளைப் பெடியனிடம் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. "ஐயோ இல்லை மேடம், அதெல்லாம் அப்பாட காலம். இப்ப ரெண்டு கடையிலயும் போடுற பாட்டுத்தான் வேற."

*தொலைபேசியில்*

கொன்வென்டில் எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்த சிஸ்டர், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் விரும்பின இடத்தில் இருப்பதற்காக மாதக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போய் வென்றார்கள் என்றும், இப்போது அங்கே எல்லாரும் சமம் என்றும் சொன்னா. நானும் அதை அப்படியே சோதனையில் எழுதி நல்ல மார்க்ஸ் எடுத்தேன்.

சார்ஜன்ட் கோல்மன் பதவி உயர்ந்து, உடுப்பின் கையில் புதுக் கோடு தைக்க வந்தபோது அதைச் சொன்னேன். ஆள் கறுப்பர், நெடியவர், கஞ்சியைக் கூடப் போடச் சொல்லுவார், காற்சட்டை தன்பாட்டில் நிற்க வேண்டும். மனைவி பிள்ளைகளை இங்கே கூப்பிடுவதற்காக வீடு தேடிக்கொண்டிருந்தார். போனில் கேட்டால் வீடு இருக்கிறது என்பார்களாம், போய் நின்றால் இப்போதுதான் கொடுத்துவிட்டோம் என்பார்களாம். கோடு தைத்த உடுப்போடு போனால் திறப்பார்களோ என்று பார்க்கத்தான் இந்த அவசரம். அடுத்த கிழமை வந்தார். திறந்தார்களா என்று கேட்டேன். கண்ணாடியில் கோடு நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கஞ்சியில பிழையில்லை மேடம். போனில நான் நல்ல வெள்ளைக்காரன்."

*கழுவத் தேவையில்லை*

விடுதிக் குசினியில் பரமேஸ்வரி அக்கா தேத்தண்ணி ஊற்றினால் எல்லாரும் கூடுவோம். அன்றைக்கு ட்ராமில் தனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லையாம், நின்றுகொண்டே போனார்களாம். "எங்களில முட்டினால் ஒட்டுமெண்டு நினைக்குதுகள். நாங்களும் மனிசர்தானே பிள்ளை?" என்று என்னைக் கேட்டா. ஓம் அக்கா என்றேன். அவவின் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது.

கேட்டுக்கொண்டே ஊற்றினா. எங்களுக்குக் கண்ணாடிக் கோப்பை. சிவலிங்கம் அண்ணைக்கு மட்டும் கடதாசிக் கோப்பை. அவர் எங்கே பிறந்தவர், யாருடைய மகன் என்று வந்த முதல் கிழமையே விசாரித்து அறிந்துவிட்டார்கள். என்னையும் கேட்டார்கள்: "நீர் எந்த இடம்? எந்தக் கோயிலடி?" நான் கொன்வென்டின் பெயரைச் சொன்னேன், அத்தோடு விட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கோப்பை என் கையில் சுட்டது. சிவலிங்கம் அண்ணை குடித்து முடித்துக் கோப்பையைக் கசக்கிக் குப்பைவாளிக்குள் போட்டார். "இது வசதி அக்கா, கழுவத் தேவையில்லை."

*வேட்டி*

பரமேஸ்வரி அக்காவின் மனுசன் ஒரு கலியாண வீட்டுக்குப் போக இருந்தார். வேட்டியைக் கடையில் வடிவாக வெளுத்துத் தரச் சொல்லி என்னிடம் தந்தா. பிள்ளை பார்க்கிறவவின் துணி. கையாலேயே செய்தேன். அளவாகக் கஞ்சி போட்டு, கரை பிசகாமல் மடித்து, கைப்பழக்கத்தில் மூலையில் மூன்று புள்ளியும் வைத்துவிட்டேன்.

அவ கட்டிலில் வேட்டியை விரித்தா. மகள் அவவின் மடியில் இருந்து பொத்தானை இழுத்துக்கொண்டிருந்தாள். மூலை அவவின் விரலில் பட்டது.

"இதென்ன?"

"துணி மாறாமல் இருக்க அக்கா. கடையில எல்லாருக்கும் போடுறனான்."

"ஜெர்மன்காரன் போடுற குறி இல்லையே இது." திருப்பித் திருப்பிப் பார்த்தா. "எங்கட வீட்டு வேட்டியளில இருந்தது. இதே மூலையில." என்னைப் பார்க்கவில்லை. "கொப்பர் என்ன செய்தவர்?"

அப்பாவைப் பற்றிப் பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். நாளைக்கு ஃப்ராவ் லிண்ட்னருக்கு என்ன சொல்வது, பிள்ளையை மேசைக்குக் கீழே கிடத்தி வேலை செய்ய விடுவாவா என்றெல்லாம் யோசித்தேன்.

விடிந்ததும் வேறு வழியில்லாமல் அவவின் கதவைத் தட்டினேன். திறந்தா. மேசையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றியிருந்தது, கடதாசிக் கோப்பையில். பக்கத்தில் பிள்ளைக்குப் பால், அவவின் வெள்ளிக் கிண்ணத்தில். கையை நீட்டினா. "பிள்ளையைத் தாரும். பிள்ளைக்கு என்ன தெரியும்."

*ஜாம் போத்தல்*

இதை ஒரு தமிழருக்கும் சொல்ல முடியாமல் சார்ஜன்ட் கோல்மனுக்குச் சொன்னேன். அவருக்கு வீடு இன்னும் கிடைக்கவில்லை. முதலில் விளங்கவில்லை, "அவவும் உங்கட நிறம்தானே?" என்று கேட்டார். அவ என்னைவிடக் கறுப்பு என்றேன். என் அப்பா துணி வெளுத்தவர், அதுதான் காரணம் என்றேன்.

பிறகு சொன்னார். அவருடைய அம்மாவும் வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி தோய்த்தவவாம். பின்கதவால் போய்ப் பின்கதவால் வருவாவாம். தண்ணீர் கேட்டால் தர, குழாயடியில் அவவுக்கென்று தனியாக ஒரு ஜாம் போத்தல் வைத்திருந்தார்களாம். நீங்கள் அந்தக் கடதாசிக் கோப்பையில் குடித்தீர்களா என்று கேட்டார். குடித்தேன் என்றேன். "என்ர அம்மாவும் குடிச்சவ. நான் குடிக்கேல்லை. அப்பிடியொரு போத்தல் இருந்ததே என்ர மகளுக்குத் தெரியாது."

இப்போது காலையில் மகளோடு போகும்போது என்னுடைய கண்ணாடிக் கோப்பையையும் கொண்டுபோகிறேன், அடியில் எங்கள் வீட்டுக்கென்று முதல்முறையாக நானே போட்ட குறி, ஒரு புள்ளி, இரண்டு கோடு. பரமேஸ்வரி அக்கா அதில்தான் ஊற்றுகிறா, ஆகவே சமத்துவம் வந்துவிட்டதா என்று சிஸ்டர் இன்றைக்குச் சோதனை வைத்தால், அவ தூக்கிப் பிடிக்கிற தேத்தண்ணிக் கேத்திலின் மூக்குக்கும் என் கோப்பைக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இருக்கிறது என்று எழுதுவேன்.