அவிழ்க்காத முந்தானை

நாளை மகளுக்கு வளைகாப்பு. ஈப்போவிலிருந்து வந்த நான் பினாங்கு சூலியா தெருவில், ஒரு மரைக்காயரின் துணிக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் கேட்டது மதுரைச் சுங்குடி. கையால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கியதாக இருக்க வேண்டும், அச்சடித்த புள்ளி கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறாள்.

மரைக்காயர் ஓர் அரக்குச் சேலையை விரிக்கிறார். முந்தானையில் மட்டும் நூல் முடிச்சுகள் அவிழ்க்கப்படாமல் கடுகு போல் புடைத்து நிற்கின்றன. கைவேலைக்கு அதுதான் சாட்சியாம். எண்ணுகிறேன், நாற்பத்தொன்று. அச்சுப் புள்ளியின் மேலேயே முடிச்சுப் போட்டிருந்தால்? துணியைக் குறுக்கே பிடித்துச் சுண்டி இழுக்கிறேன். அத்தனை முடிச்சும் படபடவென்று தெறித்து விழுகின்றன. உள்ளே முடிச்சு இறுகிய இடத்தில் சாயம் ஏறாமல், சுருக்கம் கலையாத வெள்ளைப் புள்ளிகள். அசல்தான்.

“என்ன அய்யா, சாட்சியவே அவுத்துட்டீங்க! இனி யாரு இத நம்பி வாங்குவா?”

“நானே வாங்கிக்கிறேன். கண்ணால பாத்துட்டேனே.”

“நீங்க பாத்தீங்க. மக பாக்கலியே!”

அதுவும் சரிதான். தரையில் கிடக்கும் நூல் வளையங்களை அவளுக்குக் காட்டப் பொறுக்குகிறேன். நாற்பதுதான் இருக்கின்றன. அவள் புள்ளிகளோடு ஒப்பிட்டு எண்ணுவாள், என் மகளல்லவா.

“மரைக்காயரே, காலக் கொஞ்சம் தூக்குங்க.”