வீட்டுச் சுவரில் பிடித்த கொசு

மன்னார்குடிப் பக்கத்தில் வெறும் அம்சம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'கொசு அம்சம்' என்று கேட்க வேண்டும். யானைக்கால் தடுப்பு ஆபீசில் அவளுக்குக் கொசு பிடிக்கிற வேலை. விடிந்ததும் வீடு வீடாகப் போய், டார்ச் அடித்து, சுவரில் அசந்து உட்கார்ந்திருக்கும் கொசுவைக் கண்ணாடிக் குழாயில் வாய்வைத்து உறிஞ்சிப் பிடிப்பாள். "ஊரையே கொசு கடிக்குது, கொசுவைக் கடிக்கிறவ என் பொண்டாட்டி ஒருத்திதான்" என்பான் வீரையன். தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்ற குடும்பத்தில் சர்க்கார் வேலைக்குப் போன முதல் ஆள் அவள். கேலி செய்தாலும் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் தை மாதம் அறுவடைக் கூலித் தகராறு மூண்டது. கூலிக்குச் சர்க்கார் சட்டம் போட்டாகிவிட்டது, மிராசுதாருக்குத்தான் கொடுக்க மனம் வரவில்லை. வீரையன் கொடி பிடித்து வயலில் இறங்கினான். மறுநாள் காலை அம்சம் மிராசுதார் வீட்டுக்குக் கொசு பிடிக்கப் போனால், காரியக்காரர் கோவிந்தராசு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"புருஷன் வயல்ல கொடி நடுறான், பொண்டாட்டி வீட்டுக்குள்ள வேவு பாக்க வர்றாளா? போம்மா, போ."

கெஞ்சிப் பழக்கமில்லை அவளுக்கு. வெறுங்கையோடு ஆபீசுக்குப் போனாலும் பேச்சு கேட்க வேண்டும். நேரே தன் வீட்டுக்கு வந்தாள். பாய்கூடச் சுருட்டாமல் கிடந்தது. அந்தச் சுவரில் கொசுவுக்கா பஞ்சம்? பிடித்து அடைத்துக் கொண்டுபோய், "மிராசுதார் வீட்டுல பிடிச்சது சார்" என்று அஹமது கபீரிடம் நீட்டினாள். கொசு வந்து சாட்சி சொல்லவா போகிறது என்று நினைத்தாள். சொல்லத்தான் செய்தது.

கபீர் முத்துப்பேட்டைக்காரர், மைக்ராஸ்கோப் பார்க்கிறவர். கொசுவின் வயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சாப்பாடே மறந்துவிடும். தன் எடைக்கு மேல் ரத்தம் குடிக்கிற ஜீவன் அது. குடித்த கையோடு, பாரம் தாங்காமல், வேண்டாத தண்ணீரைப் பின்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வயிறு அந்த ரத்தத்தைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்றைக் கட்டி, பொட்டலம் மாதிரி வைத்துக்கொண்டு செரிக்கத் தொடங்கும். இன்றைக்குச் சிவப்பாக இருக்கிற வயிறு நாளைக்குக் கறுக்கும், அதன்பிறகு முட்டை வைத்து வெளுக்கும். ரத்தத்தோடு உள்ளே போன யானைக்கால் புழு, பொட்டலம் இறுகுவதற்குள் வயிற்றைத் துளைத்துக்கொண்டு தப்ப வேண்டும். பிந்தினால் அதுவும் சேர்ந்து செரிந்துபோகும்.

"இங்க வந்து பாரும்மா" என்று அன்றைக்கு நகர்ந்து இடம்விட்டார். சிவப்பு மாறாத ரத்தத்தில் நூல் மாதிரி ஒன்று நெளிந்தது.

"சவ்வுகூட இன்னும் சரியாக் கட்டலை. நேத்து ராத்திரி குடிச்ச ரத்தம். இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு ரொம்ப தூரம் பறக்காது. அந்த அறையில படுத்த யாருக்கோ புழு இருக்கு. மிராசுதார் வீட்டுக்கு மாத்திரை அனுப்பிடுவோம்."

அம்சத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே சிரிப்பு நின்றது. அந்த அறையில் படுத்தது அவளும் வீரையனும், இருவருக்கும் நடுவே ஐந்து வயது மகள் நீலாம்பாளும். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு தெருவில் நடக்கிற பெண்கள் கண்முன் வந்தார்கள். பிள்ளையின் கால் எவ்வளவு சின்னக் கால்!

"சார், அது மிராசுதார் வீட்டுக் கொசு இல்லை, எங்க வீட்டுக் கொசு" என்று அழுதுவிட்டாள். "உள்ள விடமாட்டேன்னுட்டாங்க சார். வேலை போனாப் போகட்டும். எம் பிள்ளைக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கபீர் நன்றாகத் திட்டினார். "புழு இல்லாதவங்களுக்கு மாத்திரையைக் குடுத்துட்டு இருக்கிறவங்களை விட்டிருப்போமேம்மா! கதவைச் சாத்தினா சாத்தினாங்கன்னு சொல்றதுக்கு என்ன? சரி, அழாத. ஆபீசர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பகலில் ரத்தம் எடுத்துப் பயனில்லை, அந்தப் புழு இருட்டிய பிறகுதான் வெளி ரத்தத்துக்கு வரும். அன்று இரவு கபீரே சைக்கிளில் வந்து மூன்று பேர் விரலிலும் குத்தி எடுத்துப் போனார். நீலாம்பாள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது.

காலையில் ஆபீஸ் வாசலில் அம்சம் குந்தியிருந்தாள். உள்ளே போகக் கால் வரவில்லை. மிராசுதாரை எதிர்த்துக் கொடி பிடித்த வீரையன் அன்று வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். கபீர் வெளியே வந்தார்.

"வீரையனுக்கு இல்லை."

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கும் இல்லம்மா. உனக்குத்தான்…"

அவர் முடிப்பதற்குள் அம்சம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கபீர் பதறிப்போனார். "மாத்திரைக்குக் கேக்கும்மா. கால் வீங்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு, பயப்படாத."

முந்தானையை விலக்கினாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தானா சார்? நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"அப்பாடா" என்று எழுந்து மாத்திரைக்குக் கையை நீட்டினாள்.