கசக்காத பொருக்கு

என் ஓரகத்திக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை மறந்து நாளாயிற்று. அவர்களுக்கு அவள் பொருக்குச் சித்தி. மரப்பட்டையில் சுண்ணாம்பு தெறித்தது போல, ஆறிய புண்ணின் பொருக்கு போல, வெளிறி ஒட்டிக் கிடக்குமே லைக்கன், அதைப் பார்த்து இது இன்ன இனம் என்று பிரித்துச் சொல்வது அவள் உத்தியோகம். பூஞ்சையும் பாசியும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தும் உயிர் அது. "நம்ம வீட்டை விட அங்க ஒத்துமை ஜாஸ்தி அக்கா" என்பாள். மூத்தவள் நான், அதையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அவள் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் பட்டை. தலையணை உறைக்குள் பட்டை. என் கொழுந்தன் ஒருநாள் செருப்புக்குள் காலை விட்டவன் அலறிக்கொண்டு, "இது எந்த இனம்டி?" என்று கேட்க, "மிதிச்சிடாதீங்க, பார்த்துச் சொல்றேன்" என்றாளாம். காலில் குத்தியதா என்று கேட்கவில்லை.

பேருந்து நிறுத்தத்து மரத்தில்தான் அந்தப் பொருக்கைக் கண்டாள். வெளிறிய சாம்பல் நிறம், மேலே மாவு தூவினாற் போலப் புள்ளிகள். அச்சு அசலாக இப்படியே இருக்கும் இரண்டு இனங்கள் உண்டாம். ஒன்றின் துணுக்கை நாக்கு நுனியில் வைத்தால் மாத்திரை கரைந்த கசப்பு. மற்றது சப்பென்று இருக்கும். கசப்பது, துணி வெளுக்கும் திரவம் பட்டாலும் நிறம் மாறாது. மற்றதில் ஒரு சொட்டு பட்டால் போதும், சிவந்துவிடும். சிவப்பும் கொஞ்ச நேரம்தான். கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் காணாமல் போகும்.

ஆகவே அவள் நட்டநடுப் பகலில், ஊரே பார்க்க, ஊசி முனையால் துளி சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"யம்மா, பசிச்சா எதிர்ல கடை இருக்கும்மா" என்றார் ஒரு கண்டக்டர்.

"கடையில இது கிடைக்காதுங்களே" என்றாள் இவள். கசக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் பேருந்தையும் விட்டுவிட்டாள்.

ஒரு சில்லைப் பெயர்த்துக் காகித உறையில் போட்டு, தான் வேலை பார்க்கும், காய்ந்த செடிகளையும் பொருக்குகளையும் சேர்த்து வைக்கும் காட்சியகத்தில் கொடுத்தாள். அவளுடைய துறைத் தலைவர், தம் மேசையில் இருந்த வெளுப்புத் திரவச் சீசாவிலிருந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சிவக்கவில்லை. கசக்கும் இனம் என்று சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, உறைமேல் ஒட்டிக் கசப்பு இனத்தின் பெட்டியில் தள்ளிவிட்டார். அன்று மாலை பெட்டிகள் எல்லாம் மூடி, லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்குப் போக இருந்தன. தப்பான பெட்டிக்குள் போன பொருக்கை எந்தப் பேரன் வந்து தேடுவான்? இல்லவே இல்லாத உயிராகிவிடும்.

"சார், இது கசக்கலையே."

"நாக்கை வெச்சா அறிவியல் பண்றது? நாய்கூடத்தான் மரத்தை நக்குது."

படித்த மனிதர் பேசுகிற பேச்சா இது! நாக்கில் வைத்துப் பார் என்று அவர் வகுப்பெடுத்த புத்தகத்திலேயே இருக்கிறதாம். எனக்கே ரத்தம் கொதிக்கிறது என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! அவள் அந்தச் சீசாவை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தாள். வாடையே இல்லை. வெளுப்புத் திரவம் பழசானால் வீரியம் போய் வெறும் தண்ணீராகிவிடும். அந்தச் சீசா அவருக்குப் பதவி உயர்வு வந்தபோது வாங்கியது.

விறுவிறுவென்று தெருமுனை சலவைக் கடைக்குப் போய்ப் புதுச் சீசா வாங்கி வந்தாள்.

"பாருங்க சார், விடுறேன்."

சொட்டு விழுந்த நேரம் பார்த்து அவருடைய சம்பந்தி போனில் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு லென்ஸோடு குனிந்தவர், "எங்க சிவப்பு?" என்றார்.

"உங்க சம்பந்தி அப்புறம் பேசுவார், போனைக் கீழ வைங்க." இன்னொரு சொட்டு விட்டாள்.

இம்முறை லென்ஸுக்குள் ரோஜாச் சிவப்பு எழும்பியதை அவர் பார்த்தார். உறையை எடுத்தார். கட்டைவிரலை எச்சில் தொட்டு, தாம் ஒட்டிய சீட்டின் ஓரத்தை மெல்ல உரிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தப்பு எல்லாருக்கும் வரும். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு தர்மம் உண்டு: பழைய சீட்டைக் கிழிக்கவே கூடாது. யார் என்ன நினைத்தார், பிறகு யார் திருத்தினார் என்று சீட்டின் பக்கத்தில் சீட்டாக எல்லாம் இருக்க வேண்டும். அவர்தான் அதை இவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்!

"கையை எடுங்க சார்."

"பின்னாடி பார்க்கிறவன் சிரிப்பான்மா. என் பேரு என்னாகிறது?"

"தப்புப் பண்ணினீங்கன்னு சிரிப்பான். உரிச்சீங்கன்னு தெரிஞ்சா காறித் துப்புவான். எது வேணும்?"

அவர் கோந்துப் புட்டியைத் தேடி எடுத்தார். உரிந்த ஓரத்தைத் தாமே அழுத்தி ஒட்டினார், கோணலாகத்தான் ஒட்டிற்று. பக்கத்தில் இவள் தன் சீட்டை ஒட்டினாள்.

"சரி, சந்தோஷம்தானே? பெட்டியை மூடச் சொல்லு."

"அந்தப் பழைய சீசாவை வெச்சு நீங்க பேர் வெச்சது இது ஒண்ணுதானா சார்?"

அவர் பெட்டியில் அடுக்கியிருந்த மற்ற உறைகளைப் பார்த்தார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. மூட்டை கட்டுகிறவர் கயிற்றோடு உள்ளே வந்தார். என் ஓரகத்தி புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கசப்புப் பெட்டியின் மேல் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆளோ நல்ல கனம். யானை கட்டி இழுத்தாலும் நகர மாட்டாள், நான் இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

"அக்கா, எழுந்திரிங்க, லாரி போகணும்."

"போகட்டுமே தம்பி, யாரு தடுத்தா? மத்ததையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போங்க. இந்தப் பெட்டி மட்டும் வராது."

கயிற்றோடு வந்தவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "அந்தப் புதுச் சீசாவை இப்படிக் குடும்மா" என்றார்.

"நான்தான் விடுவேன். நீங்க போனை அணைச்சிட்டு லென்ஸைப் பிடிங்க" என்றாள் அவள், பெட்டியை விட்டு இறங்காமலே.