விசில் அடிக்காத குக்கர்

பிள்ளையார்பாளையத்துப் புவனேஸ்வரி பதினெட்டு வருஷமாகக் கணவன் தேவேந்திரனோடு ஒரே தறியில் பட்டு நெய்கிறாள். ஊடு நூல் சுற்றிய நாடாக்கட்டையைச் சேலையின் உடலுக்கு அவன் விடுவான், கரைக்கு அவள். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையும் நின்றுவிடும். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் அவள் எழுந்து ஓடுவாள். அந்த ஓட்டம் பிடிக்காமல்தான் அவன் எலக்ட்ரிக் குக்கர் வாங்கி வந்தான்.

அது சத்தமே போடவில்லை. அவளுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. காது அடுப்படியிலேயே கிடந்தது; நாடா கை தவறி விழுந்தது; இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் முறையாக அவள் எழுந்தபோது தேவேந்திரன் கத்தினான்.

"அதான் தானா வெந்து தானா நின்னுக்குது இல்ல? இன்னும் எதுக்கு எழுந்துக்கினே இருக்கிற?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள் புவனேஸ்வரி.

"சோறு தானா வெந்துக்கும். இந்த இடுப்பு தானா நிமிர்ந்துக்குமா?"