வாளிக்குள் விழுந்த கோப்பை

டெய்லர் அக்கா வீட்டுப் பின்வாசல் படி உடைந்து ரொம்ப நாளாயிற்று. கொத்தனாரிடம் கேட்டால், "சின்ன வேலைதானேம்மா, அந்தப் பக்கம் வரும்போது முடிச்சுத் தர்றேன்" என்பார். வந்தபாடில்லை.

கடைசியில் அக்காவே சிமெண்ட், மணல், ஜல்லி எல்லாம் வாங்கிவந்து பழைய தகரத்தில் கொட்டினாள். கையுறை மாட்டிக்கொண்டு மண்வெட்டியால் புரட்டினாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தண்ணீரைத் தாராளமாக ஊற்றியதும் கலவை கூழாக இளகியது, வேலையும் சுலபமாயிற்று. பலகைச் சட்டத்துக்குள் கண்ணாடி மாதிரி மட்டமாக நின்றது.

சில நாள் கழித்து, பஸ் ஓட்டும் கணவர் அதில் கால் வைத்தார். ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"படி கட்டினியா, ரஸ்க் சுட்டியா?"

"சிரிக்காதீங்க. ஏன் உதிருதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் உதிர்ந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டு டியூட்டிக்குப் போனார். அக்காவுக்கோ அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. மிச்சச் சரக்கை, தண்ணீர் அளவை மட்டும் மாற்றி மாற்றிக் கலந்து, காதுடைந்த கோப்பைகளில் நிரப்பி வைத்தாள். இறுகியபின் ஒரு கோப்பை கைதவறித் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்துச் சுத்தியலும் கையுமாக உட்கார்ந்தாள். கூழாகக் கலந்தது தூளாயிற்று. தண்ணீர் போதாததில் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் கலந்தது ஓரளவு தாங்கியது. அதே பதத்தில் கலந்து வாளியில் ஊறியதை அடித்தபோது சுத்தியல்தான் எகிறியது.

"கலக்கும்போது தண்ணி கூடினா கெடுது. இறுகினப்புறம் தண்ணியில கிடந்தா பலமாகுது. இது என்னங்க கூத்து?"

புதுப் படியை அந்தப் பதத்திலேயே போட்டு, ஈரச்சாக்கால் மூடினாள். பின்வாசல் வழி யாரும் வரக்கூடாது என்று உத்தரவு. கொல்லையில் குளித்துவிட்டு வந்த கணவர், துண்டும் பனியனுமாக முன்வாசல் வழியே, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண்களைத் தாண்டித் தலைகுனிந்து போனார். ஆனால் டியூட்டிக்குக் கிளம்புமுன் சாக்கில் தண்ணீர் தெளித்ததும் அவர்தான்.

படி அசையாமல் நின்றது. ஒருவழியாகக் கொத்தனார் வந்து, ஏறிக் குதித்துப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான். சோதனைக்குக் கலந்ததுல, வாளித் தண்ணியில ஊறின துண்டு மட்டும் உடையவே இல்லை. காஞ்சாதான் இறுகும்னு நினைச்சேன். அது இல்லைன்னா உள்ள என்னதான் நடக்குது?"

அவர் தலையைச் சொறிந்தார். "தண்ணி விடச் சொன்னாங்க, விடறோம். ஏன்னு நான் கேட்டதில்லையே. அந்த வாளித் துண்டைக் கொடுங்க, பார்த்துடுவோம்."

உளியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஜல்லிக் கல்லே குறுக்காக உடைந்திருந்தது. சிமெண்ட் அதை விடவில்லை.

"அட!" என்றார் கொத்தனார்.

ஊசியில் நூல் கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவர அக்கா உள்ளே ஓடினாள்.