பதினொன்றோடு நின்ற குரல்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அந்தக் காகிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் பதினொரு புள்ளிகள். எந்த மனிதனும் அடித்தவை அல்ல. 1978 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன்னால் விழுந்தவை.

பேய் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பசி உண்டு. கல் உருண்டு கால் நசுங்குவது உண்டு. அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். இதையும் பார்த்தேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் அப்பா கல்குவாரியில் பாறைக்குக் குழி போட்டு வெடிமருந்து கெட்டிக்கிறவர். எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து திரிசூலத்தில் இருந்தோம். குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. திரி கொளுத்திய ஆள் ஓடிவந்து மறைவில் குந்திக்கொள்வான். ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் வாய்விட்டு எண்ணுவான். குழி எத்தனையோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால், "ஆச்சு!" என்று கத்துவான். அந்த "ஆச்சு" காதில் விழாமல் ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். வெடிக்காமல் ஒரு குழி தங்கிப்போனால் அதுதான் எமன். பால்குடிப் பிள்ளைகூட அந்தக் குரலுக்கு அடங்கிக் கிடக்கும். நானும் கிடந்திருக்கிறேன்.

கல்லை விட்டுத் தப்பிக்கத்தான் ஐ.டி.ஐ. படித்தேன். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. அங்கேதான் அந்த மோடம் வந்தது. கம்ப்யூட்டர் எழுத்தைச் சத்தமாக மாற்றி டெலிபோன் கம்பியில் அனுப்பும் பெட்டி. சீமையிலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கியது. அதை மாட்ட ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். ரேக் என்போம்.

ரேக்கைத் தரையில் நாலு போல்ட்டால் இறுக்க வேண்டும். அந்த அறை பாதி பாறைமேலேயே கட்டியது. மூன்று ஓட்டை போடுவதற்குள் உயிர் போய்விட்டது. நான்காவதில் துளைப்பான் வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. நல்லதாகப் போயிற்று என்று போல்ட்டை வைத்துச் சுத்தியால் இரண்டு போட்டேன். பிறகு மோடம் தட்டுகளைச் சொருகி, டெலிபோன் கம்பி இரண்டையும் பின்னால் திருகினேன்.

வேலை செய்யும் விதம் சுலபம். ரேக்கோடு ஒரு டெலிபோன். அதில் பாரிமுனைத் தலைமை அலுவலகத்துக்கு டயல் செய்ய வேண்டும். அங்கே எட்மண்ட் எடுப்பான். இரண்டு வார்த்தை பேசுவோம். அப்புறம் அவன் தன் மோடத்தைத் தட்டிவிடுவான். "கீ......" என்று ஒரு சத்தம் வரும். நான் ஸ்விட்சைப் பேச்சிலிருந்து டேட்டாவுக்குத் தள்ளுவேன். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கத்துச் சத்தம் வந்து சேர்கிறது என்று பொருள். உடனே பக்கத்தில் இருக்கிற டெலிபிரிண்டர் தடதடவென்று அடிக்கும். பகலில் லைன் கிடைக்காது. நடுராத்திரிக்கு மேல்தான் இந்த வேலை நடக்கும்.

ஆனால் லைனில் ஓயாத உறுமல். எர்த் சரியில்லை. ரேக்கிலிருந்து செம்புப் பட்டையை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மண்ணில் புதைக்க, அறைக்குப் பின்னால் குழி வெட்டினோம். நாலடி வரைக்கும் கல்லும் சல்லியுமாக ரொப்பிய மண். அப்புறம் பாறை. எட்டடி வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேனேஜர் பட்டாபிராமன் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஜெபராஜ், நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து வர்றா. இது ஓடித்துன்னா நீ பெர்மனென்ட். ஓடலைன்னா... நாளையோட உனக்கு ஆறு மாசம் முடியறது. ஞாபகம் இருக்கோல்லியோ?"

இருந்தது. குழி வெட்டும் தேவானந்தத்தையும் அவன் மனைவி சாராளையும் விடியற்காலையில் வந்து பாறையை உடைக்கச் சொல்லிவிட்டு, ராத்திரி ரேக்கோடு தங்கினேன்.

மணி 12.20. டயல் செய்தேன். எட்மண்ட் எடுத்தான்.

"இன்னா மேன், உன் லைன்ல எருமை கத்துது?"

"எர்த்துப்பா. காலைல சரியாயிடும்."

"அப்ப காலைல கூப்புடு. எருமைய ஓட்டிட்டு. குட்நைட்."

வைத்துவிட்டான். நான் ரேக்கில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

மணி 1.10. டெலிபோன் அடித்தது.

எடுத்தேன். உறுமல் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். அதுதான் முதல் தப்பு. எர்த் போடாமல் அந்த உறுமல் போகவே போகாது.

"எட்மண்ட்?"

யாரோ மூச்சு வாங்கினார்கள். ஓடிவந்த மூச்சு.

"ஒண்ணு..."

ஆம்பிளைக் குரல். கரகரத்த தொண்டை.

"ரெண்டு... மூணு... நாலு..."

லைனைச் சோதிக்க எட்மண்ட் ஆள் வைத்து எண்ணுகிறான் என்று நினைத்தேன். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ரொம்ப நேரம். ஆறும் ஏழும் ஒன்றன்மேல் ஒன்று. அப்புறம் எட்டு, ஒன்பது, பத்து.

"பதினொண்ணு..."

அவ்வளவுதான். மூச்சு மட்டும். காத்திருக்கிற மூச்சு. பிறகு லைன் செத்தது.

மணி 1.40. மறுபடி அடித்தது.

அதே குரல். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே அதே இடைவெளி. ஆறும் ஏழும் அதே மாதிரி ஒட்டிக்கொண்டு. எனக்கு அந்த எண்ணிக்கை தெரியும். திரியை நீளமும் குட்டையுமாக வெட்டி வைத்தால் வெடி அப்படித்தான் கேட்கும். இவன் லைனைச் சோதிக்கவில்லை. வெடி எண்ணுகிறான்.

"பதினொண்ணு..."

"ஆச்சு" வரவில்லை.

மணி 2.15. மூன்றாம் முறை. "ஒண்ணு" என்றதுமே பயத்தில் ஸ்விட்சை டேட்டாவுக்குத் தள்ளி, ரிசீவரை வைத்தேன். குரல் போனது. சிவப்பு விளக்கு ஒரு தரம் மினுங்கி அணைந்தது. டெலிபிரிண்டர் தானாக அசைந்தது.

டக்.

காகிதத்தில் ஒரு புள்ளி.

விளக்கு மினுங்க மினுங்க... டக்... டக்... டக்... நீண்ட இடைவெளி... டக். டக்டக்.

எண்ணினேன். அந்த ஒன்றையும் சேர்த்துப் பதினொன்று. அறையில் கந்தக நெடி. வெடித்த பிறகு குவாரியில் நிற்குமே, அந்த நெடி.

திருகாணியைக் கழற்றினேன். கம்பி இரண்டையும் பிடுங்கிக் கையில் பிடித்துக்கொண்டேன். இனி எவனும் கூப்பிட முடியாது.

மணி 2.55.

கம்பி என் கையில் இருந்தது.

டெலிபோன் அடித்தது.

எடுக்கவில்லை. பதினொரு தரம் அடித்து நின்றது.

வெளியே ஓடியிருக்கலாம். வாட்ச்மேன் கேட்டருகே, இருநூறு கெஜம் தள்ளி. நடுவே இருட்டு. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விடிந்தால் போதும்... விடிந்தால் போதும்...

மணி 5.05. சிவப்பு விளக்கு எரிந்தது.

ரிசீவர் தன் இடத்தில்தான் இருந்தது. குரல் ரேக்கின் அடியிலிருந்து வந்தது. தரைக்குள்ளிருந்து.

"ஒண்ணு..."

வெளியே, பின்பக்கம், ஒரு சத்தம்.

ணங்!

"ரெண்டு..."

ணங்!

கடப்பாரை. தேவானந்தம் வந்துவிட்டான்.

நாலடிக்கு ரொப்பிய கல்லும் சல்லியும்... அதற்குக் கீழே பாறை... அப்போதுதான் புத்தியில் உறைத்தது. இது மூடிய குவாரி.

"மூணு..."

ஓடினேன்.

"தேவானந்தம்! நிறுத்து! கடப்பாரையப் போடு!"

லாந்தர் வெளிச்சத்தில் அவன் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா சார், பேய் அறஞ்ச மாரி ஓடியாற?"

"மேல வா. இனிமே ஒரு குத்துக்கூட விழக் கூடாது."

"நீ ஒரு பக்கம் வேணாம்ன்ற, மேனேஜரு ஒரு பக்கம் எட்டு மணிக்குள்ள முடிடான்றாரு. யார் பேச்சைக் கேக்கறது? பேஜாரா கீது!" கடப்பாரையை ஓங்கினான்.

மேலே கூடையோடு நின்ற சாராள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், அவுரு மூஞ்சியப் பாருய்யா! மேல ஏறு!"

ஏறினான். நான் இறங்கினேன். கையால் சல்லியை விலக்கினேன். கடைசியாக அவன் குத்திய தழும்புக்கு ஒரு சாண் தள்ளி, பாறையில் ஒரு வட்டம். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. செம்மண் வைத்துக் கெட்டித்திருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு நூல்.

திரி.

சாராள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து மாரில் சிலுவை போட்டுக்கொண்டாள். தேவானந்தம் லாந்தரைத் தூக்கிக் குழியிலிருந்து தள்ளி வைத்தான்.

எட்டு மணிக்குப் பட்டாபிராமன் வந்தார். குழி வேலை நின்றதைப் பார்த்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஓட்டையைக் காட்டினேன். குதிப்பது நின்றது. போலீஸ் வந்தது, வெடிமருந்து அதிகாரிகள் வந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மணல் மூட்டை அடுக்கி அதை வெடிக்க வைத்தார்கள். கட்டிடத்தின் கண்ணாடி எல்லாம் நடுங்கியது. தலைமை அலுவலகத்து ஆட்கள் பாதி வழியிலேயே திரும்பினார்கள். என் வேலை போகவில்லை. ரெண்டு உயிரைக் காப்பாற்றியவனை எப்படி அனுப்புவது? புது எர்த் போட்டு வியாழக்கிழமை மோடம் ஓடியது. உறுமலே இல்லை.

எட்மண்டைக் கேட்டேன். "சத்தியமா நான் இல்ல மேன். உங்கிட்ட பேசிட்டு மாடில போய்ப் படுத்துட்டேன். அப்புறம் போனைத் தொடவே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை திரிசூலம் போனேன். அப்பாவிடம் சொன்னேன். இடம் எது என்று சொல்லவில்லை. குரலைப் பற்றி மட்டும் சொன்னேன். அப்பா பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"எத்தினி எண்ணுனான்?"

"பதினொண்ணு."

"ஆச்சுன்னானா?"

"இல்ல."

பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். பிறகு சொன்னார்.

"லாசரசு."

எனக்கு நாலு வயசாக இருந்தபோது நடந்ததாம். அன்றைக்குத் திரி கொளுத்தியவன் லாசரஸ். பதினொரு சத்தம் எண்ணினான். அதோடு நின்றது. லாரி காத்துக்கொண்டிருந்தது. "ஆச்சுன்னு சொல்லித் தொலைடா" என்று மேஸ்திரி விரட்டினான். லாசரஸ் சொல்லவில்லை. அடுத்தவனை அனுப்பவும் மனசில்லை. தானே எழுந்து பார்க்கப் போனான்.

"பன்னெண்டாவது அவன் மூஞ்சிலயே வெட்ச்சுது. அத்தோட குவாரிய மூடி ரொப்பிட்டானுங்க."

என் நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. "அப்ப நாங்க எடுத்தது பதிமூணாவது. அதுக்குத்தான் கூப்புட்டிருக்காரு. முடிஞ்சு போச்சுப்பா."

அப்பா தலையை ஆட்டினார்.

"குழி பதினாலு. மருந்து கெட்டிச்சது நாந்தான்."

எங்கே வெட்டினோம் என்று இப்போது சொன்னேன். ஒரு சல்லியை எடுத்துத் தரையில் கோடு போட்டார். நாங்கள் கண்டுபிடித்த ஓட்டை இது. கிழக்கே பத்தடி, மேல் பாறையில் இன்னொரு புள்ளி வைத்தார்.

எர்த் குழியிலிருந்து கிழக்கே பத்தடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ரேக்கைப் பெயர்த்துத் தரையைச் சோதிக்க வேண்டும் என்று திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்தேன். "ஓடற மிஷினை ஏன்யா நோண்டறே?" என்றார் பட்டாபிராமன். இரண்டாம் முறை கொடுத்தேன். பதில் இல்லை. நிரந்தர வேலைக்கான காகிதம் வந்த வாரம் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ரேக் அங்கேயேதான் நின்றது. என் இடத்துக்கு வேறொருவனை எடுத்தார்கள்.

ரேக்குக்குப் போட்ட நான்காவது ஓட்டை அப்படி ஏன் இறங்கியது என்று இப்போது எனக்குத் தெரியும். அது பாறை இல்லை. கெட்டித்த செம்மண். அதில் போல்ட்டை இறக்கியவன் நான். சுத்தியால் இரண்டு போட்டவனும் நான்தான்.

"ஆச்சு" என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.