பேருந்து நின்ற காரணம்

கேள்விக்காரி என்றால்தான் அந்தப் பக்கத்தில் அவளைத் தெரியும். ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகப் பத்தொன்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிப் படிவம் நிரப்பியவள். வீட்டில் எத்தனை பேர், குழாயில் தண்ணீர் வருகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்டுக் கேட்டுக் கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு வருவாள். கதவைத் திறக்கிறவர் முகத்தைப் பார்த்தே இந்த வீட்டில் எத்தனை பொய் தேறும் என்று சொல்லிவிடுவாள். "என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் இந்த வித்தை பலிக்கல" என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வருடம் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுவதை எது தடுக்கும் என்பதுதான் கேள்வி. மேட்டுத் தெருவில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றைத் திறந்தார்கள். கால்வாய்த் தெருவுக்குப் பள்ளிப் பேருந்து விட்டார்கள். பள்ளிக்கூடம் நெடுஞ்சாலையைத் தாண்டி வெகு தூரத்தில் இருந்தது. இரண்டு தெருக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. தொடக்கத்தில் ஒரு தடவை, இரண்டு வருடம் கழித்து ஒரு தடவை எண்ணினால் எதற்குப் பலன் என்று தெரிந்துவிடும் என்று ஆய்வாளர் விளக்கினார். முப்பது வயதுக்காரர், கண்ணாடி போட்டவர், மரியாதையாகப் பேசுபவர். கேள்விக்காரிக்கும் அது நியாயமாகவே பட்டது. கால்வாய்த் தெருவில்தான் அவள் தங்கை குடியிருந்தாள் என்பதில் ரகசியமாக ஒரு சந்தோஷமும் இருந்தது. தங்கை மகள் ஜன்னல் சீட்டுக்காகத் தலைகூட வாராமல் ஓடுவாள்.

பதினான்காவது மாதம் கால்வாய்க்கரையிலிருந்த சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள். அந்தத் தெருவில் மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள் அதை நம்பியிருந்தவை. ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வேலை தேடி வேறு ஊர்களுக்குப் போயின.

இரண்டாவது சுற்றுக்கு அவள் போனபோது அவள் பங்குக்கு வந்த வீடுகளில் மட்டும் நாற்பத்தொன்று பூட்டிக் கிடந்தன. "அவங்க போய் ஆறு மாசமாச்சு. பிள்ளைங்க அங்கேயே ஸ்கூல்ல சேர்ந்துட்டாங்களாம்" என்றாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி. படிவத்தில் இருந்ததோ இரண்டே கட்டங்கள்: பள்ளியில் இருக்கிறது, இல்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டாள்.

"வீட்டுல ஆளே இல்லன்னா, 'இல்லை'ல போடுங்க. இதுல என்ன யோசனை?"

போட்டாள். ஆனால் ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் பென்சிலால் 'குடும்பம் இடம் மாறியது' என்று எழுதினாள். மேட்டுத் தெருவிலும் ஒன்று இடித்தது. படிப்பகத்துக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்திருந்தார்கள். பட்டியலில் மிஞ்சியவர்களைத்தான் அவள் எண்ண வேண்டும். மிஞ்சியவர்களில் பள்ளியை விட்டவர் யார் இருக்கப் போகிறார்கள்?

கணினியில் ஏற்றியவர்கள் கட்டத்தை மட்டும் பார்த்தார்கள். முடிவு வந்தது: படிப்பகம் பலன் தருகிறது, பேருந்தால் பயனில்லை. அவள் நேரே ஆய்வாளர் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலி போட்டார்.

"நீங்க சொல்றது நாலஞ்சு வீட்டுக் கதைம்மா. நம்ம கையில ஆயிரத்து இருநூறு வீடு இருக்கு."

"அந்த ஆயிரத்து இருநூறு கதவையும் தட்டினது நாங்கதானே சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். அவள் பட்டறையைச் சொன்னாள், பூட்டிய வீடுகளைச் சொன்னாள், அடித்த பெயர்களைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டியது.

"ஒரு தெருவுக்கு மட்டும் வேற ஒரு அடியும் விழுந்திருக்கு. அப்போ இது பஸ்ஸாலயா, பட்டறையாலயான்னு பிரிச்சே சொல்ல முடியாது."

"அதை அப்படியே எழுதுங்க சார்."

"எழுதறேன்" என்றார். ஏமாற்றவில்லை, எழுதினார். ஐம்பத்தெட்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: 'சில புறக்காரணிகளின் தாக்கத்தை முழுமையாக விலக்க இயலவில்லை.' கால்வாய்த் தெரு அதில் எங்கே இருக்கிறது என்று மூன்று முறை படித்துத் தேடினாள்.

அறிக்கையைப் பற்றிய கூட்டத்தில் அதிகாரிகள் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். "பஸ் விட்டும் பசங்க படிப்பை விட்டுட்டுத்தானே இருக்காங்க? அப்புறம் பஸ் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டாராம். அடுத்த மாதம் பேருந்து நின்றது.

கொஞ்ச நாள் பிள்ளைகள் நடந்தார்கள். நெடுஞ்சாலையில் ஒரு சிறுமியை லாரி உரசிவிட்டுப் போனது. உயிர் பிழைத்தாள், கால்தான் போயிற்று. அதன் பிறகு பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. தங்கை மகளும் நின்றுவிட்டாள்.

மூன்றாவது சுற்று வந்தது. ஆள் போதவில்லை என்று கால்வாய்த் தெருவை மறுபடி அவளுக்கே கொடுத்தார்கள். பல கதவுகள் திறக்கவேயில்லை. தங்கை கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"இப்ப எதை நிறுத்த வந்திருக்கே அக்கா?"

"நான் என்னடி செஞ்சேன்?"

"நீ வந்து எழுதிட்டுப் போனே, பஸ் நின்னுச்சு. தெருவே சொல்லுது."

ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்ததாலேயே முதலாவதுதான் காரணம் என்று ஆகிவிடாது என்பதை இத்தனை வருடத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டவள் அவள். வாயைத் திறந்தாள். இந்த ஒரு விஷயத்தில் தெரு சொல்வதில் தப்பில்லை என்று உறைத்தது. படிவத்தை எடுத்தாள்.

உள்ளே தரையில் உட்கார்ந்து தங்கை மகள் மருந்துக் கம்பெனி அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இடுப்புயரத்துக்குக் குவியல்.

"பெரியம்மா, நான் எந்தக் கட்டம்?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

'இல்லை' என்பதில் டிக் போட்டாள். ஓரத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. இந்த முறை அது உண்மை.

ஆய்வாளர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஊழியர்களைக் கூட்டி, மூன்றாம் சுற்றும் பழைய முடிவையே உறுதி செய்கிறது, பேருந்துத் தெருவில் நிலைமை இன்னும் மோசம் என்று பாராட்டிப் பேசினார்.

கேள்விக்காரி எழுந்தாள். "சார், அங்க பஸ்ஸே இல்லையே. நாமதானே நிறுத்தினோம்?"

"அது இந்த ஆய்வோட கேள்வி இல்லம்மா" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள்.

அந்த அறிக்கையைக் காட்டி இன்னும் இரண்டு ஊர்களில் பேருந்தை நிறுத்தினார்கள். அவள் நான்கு வருடம் அதே வேலையில் இருந்தாள்; வேறு வேலை தெரியாது. கால்வாய்த் தெருப் பக்கம் போகவில்லை. தங்கை மகள் அட்டைப்பெட்டிக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்பதுகூட யாரோ சொல்லித்தான் தெரிந்தது.